தணி என்ற இரண்டெழுத்து

என் மனைவிக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரியவந்த வாரத்தில், குடியை விட்டுவிடும்படி எனக்குப் பதினோரு பேர் அறிவுரை சொன்னார்கள். நான் குடிப்பதில்லை. அவளும் குடித்ததில்லை. ஆனால் கல்லீரல் என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு எங்கள் வீட்டில் எங்கேயாவது ஒரு பாட்டில் தேவைப்பட்டது. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கையில் அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

என் மேசைக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர்தான் முதல் ஆள்.

"ரைட்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு காலேஜு படிச்சிக்கினு இருக்குது. இப்பவாச்சும் அத்த வுட்ருங்க."

"நான் குடிக்கிறதில்லீங்க."

"ஆங், குடிக்கிறவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருபத்தி மூணு வருசமா உங்கள திட்டறதுக்கு நல்ல காரணம் ஒண்ணு கெடைக்கல எனக்கு. இப்ப ஊரே எடுத்துக் குடுக்குது. வுடுவனா?"

நான் பத்திரம் எழுதுகிறவன். திருத்தணியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இப்போது ஒரு கம்ப்யூட்டர். கரையான் அரித்த பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து, அரித்த இடத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். சுற்றிலும் இருக்கும் எழுத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லிவிடுவேன். 'ஓடைக்குத் தெ' வரை இருந்தால் அது 'தெற்கு' என்று யாரும் சொல்லலாம். அடுத்த வரியே இல்லாமல் போனால்கூட என்னால் சொல்ல முடியும் என்று எனக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானும் நம்பியிருந்தேன்.

நோய் வந்த வழியைச் சென்னையில் ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு வைரஸ். பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். சின்ன வயதில் போட்ட ஊசியில் வந்திருக்கலாம். நாற்பது வருடம் சத்தமில்லாமல் கல்லீரலில் குடியிருந்துவிட்டு, இப்போது அந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறது. மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். அந்த முடிவு வரும்வரை நான்கு நாட்கள் எனக்கு மனைவியின் நோய்கூட இரண்டாவது விஷயமாகிவிட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மகளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. தடுப்பூசி போட்டார்கள். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை மகள் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

அதற்கு முன்பே மூன்று மாதம் வீணாகியிருந்தது. கண் மஞ்சளித்தபோது, அது காமாலை என்று எங்கள் தெருவே சேர்ந்து முடிவுசெய்தது. எல்லையைத் தாண்டி ஆந்திராவில் ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் பச்சிலை கொடுப்பார்கள். மூன்று ஞாயிறு கூட்டிப்போனேன். உப்பில்லாமல் சமைக்கச் சொன்னார்கள். அவள் சமைத்தாள், அவளோடு நாங்களும் உப்பில்லாமல் சாப்பிட்டோம். கல்லீரலுக்குள் இருந்த கட்டி மட்டும் உப்புப் போட்டே சாப்பிட்டிருக்க வேண்டும்.

சென்னையில் நாங்கள் போன பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான தாழ்வாரம். அங்கேதான் அந்தத் தம்பதியைப் பார்த்தோம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து கிராமம். இரண்டு பேரும் கரும்பு வெட்டும் கூலிகள். அவருக்கும் கல்லீரல்தான். எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் அந்த அம்மாள் தன் துணிப்பையை நகர்த்தி என் மனைவிக்கு இடம் விட்டாள். அவர் என் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நான் குட்ச்சேன், எனக்கு வந்துச்சி. அதுல ஒரு நாயம் கீது. உங்க வூட்டம்மாவுக்கு என்னாத்துக்கு வந்துச்சி?"

"நீ பேசாத இரு" என்றாள் அவர் மனைவி. "ஊர்ல ஆயிரம் பேரு குடிக்கிறானுங்க. எல்லாத்துக்குமா வந்துச்சி? நாயத்தப் பேச வந்துட்டாரு."

என் மனைவிக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ரயிலில் போனோம். திருவாலங்காட்டில் அவர்கள் ஏறுவார்கள். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பாள். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தைக் காவலாளியிடம் கேட்பாள். அவர் சொன்னது சரிதானா என்று கூட்டுகிறவளிடம் கேட்பாள். நான் பலகைகளைப் படித்துக்கொண்டு முன்னால் போவேன். பாதி நேரம் எங்களுக்கு முன்பே அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இது எனக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நான் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எல்லாம் முடிந்தபின் டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். வெட்டி எடுக்கலாம், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம், புதுக் கல்லீரல் வைக்கலாம். இந்த மூன்றும் இந்த நோய்க்கு உண்டு, மூன்றுக்கும் நேரம் கடந்துவிட்டது என்றார்கள். முன்பே வந்திருந்தால் காப்பீட்டு அட்டையிலேயே ஒன்றைச் செய்திருக்கலாமாம். கையில் அட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் உடம்பு அதை ஏற்கவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, நின்றால் மயக்கம் வந்தது. அதையும் நிறுத்தினார்கள்.

எங்கள் ஊரில் அரிசி மில் வைத்திருந்த ஒருவருக்கு இதே நோய் முந்தின வருடம் வந்திருந்தது. அவர் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவரும் பிழைக்கவில்லை. ஆனால் அவர் வலியில் கத்தினார் என்று யாரும் சொன்னதில்லை. கடைசிவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டபோது, பணக்காரர்களுக்கு நெஞ்சுரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனிதன் நான்தான்.

கடைசியாகப் போன நாளில் ஓர் இளம் டாக்டர், முகக்கவசம் போட்டவர், எங்கள் சீட்டில் ஆங்கிலத்தில் நான்கு வரி கிறுக்கி, அதன் கீழே ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தினார். முத்திரை தமிழில் இருந்தது. மை காய்ந்துபோயிருந்ததால் இடதுபக்கம் பதியவேயில்லை. நடுவிலும் பாதி போயிருந்தது. தெரிந்தது இவ்வளவுதான்: முதலில் வெற்றிடம், பிறகு 'த் தணி', பிறகு கொஞ்சம் மசி, பிறகு 'சிகிச்சை', கடைசியில் 'அனுப்பப்படுகிறது'.

டாக்டர் கவசத்துக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது: "இனிமே தணி... தான் சார். அங்க நல்லா பாத்துக்குவாங்க. இன்னிக்கே போயிடுங்க."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'தணி' என்ற இரண்டெழுத்து கண்ணில் பட்டால் போதும். மீதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம். பஸ் பலகையில் மழை அழித்தது போக அந்த இரண்டெழுத்து இருந்தால் ஏறிவிடுவோம். அதுவும் முன்னால் ஒரு 'த்' வேறு இருக்கிறது. கரையான் அரித்த இடத்தில் என்ன இருந்திருக்கும்? 'திரு'. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திருத்தணியில் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. சொந்த ஊர்க்காரன், சொந்த ஊருக்கே போய்ப் பார்த்துக்கொள் என்கிறார்கள். மரியாதையாகச் சொல்லி வெளியே அனுப்புகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

இருந்தாலும் சீட்டு கொடுக்கும் இடத்தில் காட்டினேன். அங்கிருந்தவர் கேட்டார், "எந்த ஊரு?"

"திருத்தணி."

முத்திரையைப் பார்த்தார். "ஆங், அதான் போட்டிருக்கு. கெளம்புங்க."

அந்தத் தம்பதியை அன்று கூட்டத்தில் விட்டுவிட்டோம். ரயிலில் அவர்கள் ஏறவில்லை. ஒருவேளை அவரைச் சேர்த்துக்கொண்டார்களோ, நமக்கில்லாதது அவர்களுக்குக் கிடைத்ததோ என்று எனக்குச் சின்னதாக ஒரு பொறாமைகூட வந்தது. பொறாமை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தச் சீட்டை மகள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தது. அவளுக்குக் கடைசி வருடப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தினமும் ரயிலில் போய்வருகிற பெண். அரக்கோணம் தாண்டிவிட்டாயா, உட்கார இடம் கிடைத்ததா என்று ஒரு பயணத்துக்கு மூன்று முறை போன் செய்கிற தகப்பன் நான். டாக்டர்கள் கையை விரித்த காகிதத்தை அவளிடம் காட்டுவேனா? ஏதோ ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைக் கட்டுக்குள் செருகினேன்.

மறுநாள் எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சீட்டோடு போனேன். எது என்று சொல்லப்போவதில்லை. நான்கெல்லை குறிப்பிடாமல் நான் எழுதும் முதல் பத்திரம் இதுவாக இருக்கட்டும். சீட்டு எழுதுகிற பெண் எங்கள் ஊர்ப் பெண்தான். முத்திரையைப் பார்த்து, "ஆமாங்க, திருத்தணிக்குத்தான் எழுதியிருக்காங்க. அதான் வந்துட்டீங்களே, அப்புறம் என்னா?" என்றாள். வெளியே வரிசை தெருவரை நின்றது. உள்ளே டாக்டர் சீட்டைப் படித்துப் பார்க்காமலேயே வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதினார். ஜுரத்துக்கு நாங்கள் போட்டுக்கொள்கிற அதே வெள்ளை மாத்திரை. வீட்டுக்கு வந்து சீட்டைப் பழையபடி அந்தக் கட்டுக்குள்ளேயே செருகினேன்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாட்கள்.

வலி வலது விலாவுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டைவரை போகும். அவளால் படுக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் மேசைமேல் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் சாய்ந்துகொண்டே இருப்பாள். "எதயாச்சும் படிங்க" என்பாள். வீட்டில் இருந்தது பத்திரங்கள்தான். கிழக்கே ஓடை, மேற்கே இன்னாருடைய நஞ்சை என்று படிப்பேன். முதல் வாரத்தில் அவள் நடுவில் குறுக்கிடுவாள். "அந்த மேற்கால நஞ்சைக்காரரு செத்துப் பத்து வருசம் ஆவுது. இன்னும் அவரு மேலயே ஏன் எழுதிகினு இருக்கீங்க?" இரண்டாவது வாரத்தில் குறுக்கிடவில்லை. மூன்றாவது வாரத்தில், நான் படிப்பதை நிறுத்தினாலும் அவளுக்குத் தெரியவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்த கை மட்டும் வெளுத்துப்போயிருக்கும்.

மருந்துக்கடையில் இதைவிடக் கடுமையாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

"நீங்க கேக்கறது புரியுது ரைட்டர் சார். அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல. அபின் சமாச்சாரம். போலீஸ் கேசு ஆயிடும்."

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்தா?"

"எழுதிக் குடுத்தா அங்கயே குடுப்பாங்களே. உங்களுக்கு எழுதலன்னா தேவையில்லன்னுதானே அர்த்தம்?"

அந்த வாதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எழுதியிருக்கிறார்கள் என்பதும், எழுதியது பாகப்பிரிவினைக் கட்டுக்குள் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாதே. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இந்த நோய் அப்படித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் அவள். சொன்னவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டாவது நாள் காலை, ஒரு மணி நேரம் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மேசைக்குப் போயிருந்தேன். கரும்பு வெட்டும் தம்பதி வந்தார்கள். உதவித்தொகைக்கு மனு எழுதவேண்டுமாம். நான் இந்த ஊர் ரைட்டர் என்று ரயிலில் சொன்னது அந்த அம்மாளுக்கு நினைவிருந்திருக்கிறது. அவர் நடந்து வந்தார். மெலிந்திருந்தார், கண் மஞ்சளாகத்தான் இருந்தது, வயிறு உப்பியிருந்தது. ஆனால் நடந்து வந்தார். கையில் மசால் வடை இருந்தது.

"வூட்டம்மா எப்டி கீறாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

நான் அவரையே பார்த்தேன். "உங்களுக்கு வலி இல்லீங்களா?"

"இருந்துச்சி. கத்துனேன் பாரு, தெருவே காதப் பொத்திக்குச்சி. அந்த மாத்திரைய முழுங்குனதுக்கப்பறம் இல்ல. இப்ப இவ கத்தறதுதான் ஒரே தொந்தரவு."

"எந்த மாத்திரை?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குங் குட்த்தாங்கல்ல? அதே நாளு, அதே சீட்டு. அந்த டாக்டரு தணிப்புக்குப் போங்கன்னாரே."

"எங்க?"

"தணிப்பு. எனக்கென்னா தெரியும், கூட்டறவங்ககிட்ட கேட்டேன், தணிப்புன்னா எங்கம்மான்னு. பின்னால கட்டடம், மாடியில மூணாவது ரூமுன்னாங்க. வலிக்கு மட்டுமே தனியா ரூமு வச்சிருக்காங்க ரைட்டரே. உக்கார வச்சிப் பேசுனாங்க. மாத்திர குட்த்தாங்க. இந்த ஊர்லயே ஒரு நர்சம்மா கீறாங்க, வண்டியில வூட்டுக்கே வருவாங்கன்னு நம்பரு எழுதிக் குட்த்தாங்க. வாரா வாரம் வருது அந்தம்மா."

மடியிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதே டாக்டரின் கிறுக்கல். அதே முத்திரை. இவளுடையதில் மை நன்றாகப் பதிந்திருந்தது. 'நோய்த் தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது.'

நான் அதை மூன்று முறை படித்தேன் என்று நினைக்கிறேன். நோயைத் தீர்க்க முடியாதபோது நோவையாவது தணிப்பது. முருகனுக்குக் கோபம் தணிந்த இடம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர் எங்களுடையது. மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு, தணி என்றால் ஓர் ஊரின் பெயர் என்று மட்டுந்தான் தெரிந்திருக்கிறது.

"நீங்க எங்க போனீங்க?" என்று அவள் கேட்டாள்.

"வீட்டுக்கு."

"வூட்டுக்கா? இருபது நாளாவா? அந்தம்மா மாத்திர இல்லாம சும்மாவா கீது?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பெரிய பத்திரமா எழுதறீங்களே. ஒரு ஆளு கிட்ட வாயத் தொறந்து கேக்கக் கூடாது?"

"வுடுடி" என்றார் அவர். "படிச்சவரு. படிச்சவங்க யாரையும் கேக்க மாட்டாங்க."

அவர் எனக்காகப் பரிந்துதான் பேசினார்.

நர்சம்மாவின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, மனுவை எழுதாமலேயே எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் இரண்டாவது நாள் திரும்ப வந்து எழுதி வாங்கிப் போனார்கள். அப்போதும் அந்த அம்மாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அன்று மகள் வீட்டில் இருந்தாள். கட்டைப் பிரித்துச் சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முத்திரையைப் பார்க்கவே இல்லை. மேலே இருந்த கிறுக்கலைப் பார்த்தாள்.

"நைனா, பாலியேட்டிவ்னு எழுதியிருக்குது. கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் எழுதியிருக்குது. இங்க பாருங்க, மார்ஃபின், எவ்ளோ தரணும்னு அளவுகூட போட்டிருக்குது. இத எப்ப குடுத்தாங்க?"

நாளைச் சொன்னேன்.

"ஏன் எங்கிட்ட காட்டல?"

"உனக்குப் பரீட்சை இருந்துச்சேம்மா."

"பரீட்ச முடிஞ்சி எட்டு நாள் ஆவுது நைனா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்து அறையில் அம்மா இருந்தாள்.

அந்த அம்மாள் கொடுத்த எண்ணுக்கு மகள் போன் செய்தாள். செவிலியர் எடுத்தார். எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும், "அந்தத் தெருவுக்குப் பின்னாடி தெருவுல செவ்வாக்கிழமை வந்தேனே" என்றார். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அவர்களுடைய அறை எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டாள். நான் சீட்டைக் காட்டிய அதே ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிரசவ வார்டைத் தாண்டி. நான் வரிசையில் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் கதவு தெரிந்திருக்கும்.

"நாளைக்குக் கிருத்திகை. வண்டிய உள்ள வுட மாட்டாங்க. டாக்டர் அம்மாவக் கூட்டிக்கினு நடந்தே வந்துர்றேன், நீங்க அலைய வேணாம்" என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, காவடிகளுக்கும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கும் நடுவில் புகுந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் தோளில் நீலப் பை. மலைமேல் ஒலிபெருக்கி, காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் மனைவியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"வலியே இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா பத்து. இப்ப எவ்ளோம்மா?"

என் மனைவி தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னாள், "ஏம்மா, பத்துக்கு மேல எண்ண மாட்டீங்களா?"

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டார். பத்துக்கு மேல்.

கல்லீரல் கெட்டிருப்பதால் அளவு குறைவாக, நேரம் தள்ளித் தள்ளித் தரவேண்டும் என்றார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. வலி நடுவில் வந்தால் போன் செய்யவேண்டும், நாங்களாகக் கூட்டக் கூடாது. மலச்சிக்கல் வரும், அதற்கு ஒரு திரவம். அதை மறந்தால் இதையும் மறக்க வேண்டியதுதான் என்று செவிலியர் கறாராகச் சொன்னார். நான் நோட்டை எடுத்தேன். மகள் என் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"இது குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்கன்னு சொல்றாங்களே?" என்று நான் கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன்.

"வலியோட இருந்தா ரொம்ப நாள் இருப்பாங்கன்னு யாரு சொன்னா?" என்றார் டாக்டர் அம்மா.

முதல் மாத்திரை சின்னது. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. மேசையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. "கொஞ்சம் ரசம் சோறு குடு" என்று மகளைக் கேட்டாள். நான்கு வாய் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். செவிலியர் பையை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அதற்கப்புறம்தான் என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், விலை விசாரிக்கிற மாதிரி.

"இந்த மாத்திர புதுசா வந்துருக்குதா?"

மகள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். புதிதாக வந்திருக்கிறது, நேற்றுதான் வந்தது, கேள்விப்பட்டதும் வாங்கிவிட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் நல்ல புருஷனாகியிருக்கலாம். மகள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்ல" என்றேன். "முன்னயே எழுதிக் குடுத்திருந்தாங்க. நான்தான் தப்பா படிச்சிட்டேன். ஊர் பேருன்னு நெனச்சிட்டேன்."

"எத்தினி நாளா?"

"இருவத்திரண்டு நாள்."

அவள் ஜோக் ஏதும் சொல்லவில்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டால் போதும், நான் தப்பித்துக்கொள்வேன். இத்தனை வருடமும் அப்படித்தான் தப்பித்திருக்கிறேன்.

"நாப்பது, அம்பது தடவ உங்கள கேட்டிருப்பேன்" என்றாள். "வேற ஒண்ணும் இல்லியா, வேற ஒண்ணும் இல்லியான்னு."

"ஆமா."

"ஒவ்வொரு தடவயும் இல்லன்னீங்க."

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்சி நீங்க ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அதான் நம்புனேன்."

அவள் மகளைப் பார்த்து, "இனிமே எந்தக் காயிதம் வந்தாலும் நீ வாங்கிக்க. நைனாகிட்ட குடுக்காத" என்றாள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, யாரையும் பிடிக்காமல் நான்கடி நடந்து, கட்டிலில் படுத்தாள். வலது பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது. நான் இருந்தது இடது பக்கம்.

அதன்பின் ஒன்பது வாரம் இருந்தாள். வலி பத்துக்கு மேல் போகவில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று. பள்ளிக்கூடத்து ஆயாக்கள் வந்தால் முட்டை எண்ணிக்கை கேட்டு மிரட்டினாள். என்னைப் பழையபடி கிண்டல் செய்யவும் ஆரம்பித்தாள், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. இதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. மன்னித்துவிட்டாளா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. மன்னித்திருப்பாள் என்று சொல்லிச் சமாதானப்படுத்துகிறவர்களும் உண்டு. தெரியாத இடத்தை நிரப்புவதை நான் இப்போது நிறுத்திவிட்டேன்.

அந்த முதல் நாள் மத்தியானம் அவள் தூங்கிவிட்டாள். இருபத்திரண்டு நாளில் முதல் தூக்கம். அடுத்த மாத்திரை ராத்திரி எட்டு மணிக்கு. நான் கடிகாரத்தில் அலாரம் வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் வைத்திருந்தேன். இருந்தாலும் அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.